கடனுக்கு ஒரு சட்டம், கூலிக்கு?

கடன் கொடுத்தவர் வாங்கியவரைத் தேடி அலைவதுதான் உலக வழக்கம். வாங்கியவர் கட்டுக் கட்டாகப் பணத்தோடு வாசலில் வந்து நிற்க, கொடுத்தவர் "ஐயா ஊர்ல இல்லைங்க"ன்னு ஆள் விட்டுச் சொன்னால் எப்படி இருக்கும்? வடிவேலு காமெடி மாதிரி இருக்கும். ஆனால் எங்க நைனார்பாளையத்துக்காரங்களுக்கு இது புதுசு இல்லை. 2016 நவம்பர் 8 ராத்திரி ஐநூறும் ஆயிரமும் செல்லாதுன்னு டிவியில் சொன்னதுக்கு அடுத்த வாரமே, ஏழெட்டு வருஷமா 'இந்தா தரேன் அந்தா தரேன்'னு இழுத்துக்கிட்டிருந்த கைமாத்துக் கடனெல்லாம் தானா வீடு தேடி வந்தது. எங்கப்பாகிட்ட வாங்கின ஒருத்தர் வட்டியோடவே கொண்டு வந்தார். அப்பா ரொம்பப் பெருந்தன்மையா, "இப்ப என்ன அவசரம், பொங்கல் கழிச்சுப் பாத்துக்கலாம்"னு அனுப்பி வெச்சார் :)

அந்தச் சமயத்தில் ஒரு வசதி இருந்தது. டிசம்பர் 30 வரைக்கும் பேங்க்கில் கட்டலாம். வரிசையில் நின்னு கால் வலிச்சாலும், நோட்டுக்குப் பின்னாடி ரிசர்வ் வங்கின்னு ஒண்ணு இருந்தது. நோட்டுக்குப் பின்னாடி யாருமே இல்லைன்னா? நோட்டை அடிச்ச அரசாங்கமே போரில் தோத்து மூட்டை கட்டிட்டா? அந்த நோட்டால ஏற்கெனவே அடைச்ச கடன் அடைஞ்ச கணக்கா, அடையாத கணக்கா?

இந்தக் கேள்வி எனக்கு வந்தது எங்க ஆயாவோட தகரப் பெட்டியால். ஆயான்னா இங்கே பாட்டி, அப்பாவைப் பெத்தவங்க. அவங்க மாமனார், அதாவது என் கொள்ளுத்தாத்தா, 1937ல் ஒரு கங்காணியோட மலாயாவுக்கு ரப்பர் தோட்ட வேலைக்குப் போனவர். அந்தக் காலத்தில் தென்னாற்காடு, சேலம், திருச்சி, தஞ்சாவூர் ஜில்லாக்கள்ல இருந்து ஆயிரக்கணக்கில் போனாங்க. அடுத்த வருஷமே, 1938 ஜூனில், தோட்ட வேலைக்கு ஆள் கூட்டிப் போறதை இந்திய அரசு தடை பண்ணிடுச்சு. ஒரு வருஷம் தள்ளிக் கிளம்பியிருந்தா இந்தப் பதிவே கிடையாது. 1947ல் ரஜூலா கப்பலில் திரும்பி வந்தார். கையில் அந்தப் பெட்டி. உள்ளே பத்து வெள்ளி நோட்டுகள், நான் எண்ணினப்ப 312 இருந்தது. (மலாயாத் தமிழர்களுக்கு டாலர்னா வெள்ளி, சென்ட்னா காசு. நானும் அப்படியே எழுதறேன்.)

நோட்டு பார்க்க அழகா இருக்கும். குலை தள்ளின வாழைமரம் படம். அதனால்தான் இதுக்கு வாழைமர நோட்டுன்னு பேர். கையெழுத்து கிடையாது, சிவப்பில் ஒரு ஜப்பானிய முத்திரை மட்டும். வரிசை எண்ணும் கிடையாது, எம் என்று தொடங்கும் ஒரு இங்கிலீஷ் எழுத்துக் குறி மட்டும் போட்டிருக்கும். எம்னா மலாயா. பர்மாவுக்கு அடிச்ச ரூபாய் நோட்டில் பி, பிலிப்பைன்ஸுக்கு அடிச்சதில் பி-யோட அண்ணன் மாதிரி இன்னொரு பி. (தமிழில் எழுதினா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும், மன்னிச்சுக்குங்க.) முக்கியமான விஷயம், கேட்டவுடன் பத்து வெள்ளி தருவதாக ஜப்பானிய அரசாங்கம் வாக்குறுதி தரும் வாசகம் அதிலேயே இங்கிலீஷில் அச்சடிச்சிருக்கு. அதாவது நோட்டுங்கறதே ஒரு கடன் பத்திரம்தான். கையில் வெச்சிருக்கிறவர் கொடுத்தவர், அடிச்சவன் வாங்கினவன். இதை மனசில் வெச்சுக்குங்க, பின்னாடி தேவைப்படும்.

சரி, கதைக்கு வருவோம். 1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் விழுந்தது. மலாயா முழுக்க ஜப்பான்காரன் கையில். ராணுவம் நோட்டு அடிச்சு, பழைய மலாயா வெள்ளிக்கு இது சரிசமம்னு உத்தரவு போட்டுச்சு. வாங்க மாட்டேன்னு சொன்னா தண்டனை. ஆரம்பத்தில் ஓரளவு ஓடுச்சு. பிறகு அரிசிக்கு, ஆளுக்கு, சாலைக்கு, சயாம் ரயில் பாதைக்குன்னு எல்லாத்துக்கும் அச்சு யந்திரமே பதில்னு ஆனதும் விலைவாசி பிச்சுக்கிட்டுப் போச்சு. பழைய பிரிட்டிஷ் நோட்டை எல்லாரும் பதுக்கிட்டாங்க. கையில் புழங்கினது வாழைமரம் மட்டும்.

இந்த இடத்தில்தான் வட்டிக்கடைக்காரர்கள் வர்றாங்க. மலாயாவில் நகரத்தார் கொடுக்கல் வாங்கல் எவ்வளவு பெரிசுன்னு சொல்லத் தேவையில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் தெருவிலும் பினாங்கிலும் கிட்டங்கிகள். நிலப் பத்திரத்தை ஈடு வாங்கிக்கிட்டுக் கடன் கொடுப்பாங்க. 1940ல் ஒருத்தர் தன் ரப்பர் நிலத்தை வெச்சு 5,000 வெள்ளி வாங்கியிருக்கார்னு வெச்சுக்குவோம். அன்னிக்கு அது பெரிய தொகை. 1944ல் அதே 5,000ஐ வாழைமர நோட்டா சம்பாதிக்கறது ஒரு கஷ்டமும் இல்லை, சந்தையில் கொஞ்சம் அரிசி கைமாத்தினாலே போதும். கடன்காரர் சந்தோஷமா கட்டைத் தூக்கிட்டு வந்து, "செட்டியாரே, எடுங்க பத்திரத்தை"ங்கறார். செட்டியார் என்ன பண்ணுவார்? வேணாம்னா ஜப்பான் பணத்தை மதிக்கலைன்னு புகார் போகும். வாங்கினா மூட்டை மூட்டையா காகிதம். 2016ல் எங்கப்பா சொன்ன மாதிரி பொங்கல் கழிச்சுப் பாக்கலாம்னு சொல்ற சுதந்திரம்கூட அவருக்குக் கிடையாது.

1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைஞ்சது. செப்டம்பர் முதல் வாரம் பிரிட்டிஷ்காரன் பினாங்கிலும் சிங்கப்பூரிலும் வந்து இறங்கினான். புது ராணுவ நிர்வாகம் ஜப்பான் நோட்டு செல்லாதுன்னு அறிவிச்சது. மாத்திக் கொடுக்கறது, கெடு வெக்கறது, வரிசை, ஒண்ணும் கிடையாது. அதோட, கடன் வழக்குகளையும் தள்ளி நிறுத்திட்டாங்க. நிறுத்தாம என்ன பண்ணுவாங்க? கோர்ட்டுக்குப் போனா என்ன சொல்றதுன்னு நீதிபதிக்கே தெரியாது.

கடன் கட்டினவர் வாதம்: அன்னிக்கு ஊர்ல வேற பணமே இல்லை, இருந்த அரசாங்கம் சொன்ன பணத்தில் கட்டினேன், ரசீது இருக்கு, என் நிலத்தைக் கொடு. கொடுத்தவர் வாதம்: நான் கொடுத்தது நிஜ வெள்ளி, நீ கொடுத்தது வாழையிலை. ரெண்டு பேர் பக்கமும் நியாயம் இருக்கறதுதான் சிக்கலே. ஆக்கிரமிச்ச ராணுவம் என்ன செய்யலாம், செய்யக்கூடாதுன்னு 1907 ஹேக் விதிகள் பட்டியல் போடுது. தனியார் சொத்தைப் பறிக்காதேன்னு இருக்கு, ஊர்ச் சட்டத்தை முடிஞ்சவரை மதின்னு இருக்கு. நோட்டு அடிக்கலாமா கூடாதான்னு நேரா ஒரு வரி இல்லை.

அதனால் ஊருக்கு ஊர் ஒரு தீர்ப்பு. பர்மாவில் 1947ல் ரங்கூன் உயர் நீதிமன்றம், கோ மவுங் தின் – ஊ கோன் மான் வழக்கில், இப்படி இணையா ஒரு நாணயத்தை விட ஜப்பான் ராணுவத்துக்கு அதிகாரமே இல்லைன்னு சொல்லிடுச்சு. பிலிப்பைன்ஸ் சுப்ரீம் கோர்ட் 1948ல் நேர் எதிர்: ஹா பியா என்பவர் ஒரு சீன வங்கிக்குத் தர வேண்டிய பழைய கடனை, அந்த வங்கியைக் கலைக்க ஜப்பான் நியமிச்ச பாங்க் ஆஃப் தைவானில் ஜப்பான் நோட்டா கட்டியிருந்தார். கடன் தீர்ந்ததுன்னு தீர்ப்பு. வங்கி தலையில் துண்டு.

மலாயாவும் சிங்கப்பூரும் கோர்ட்டை நம்பாம சட்டமே போட்டாங்க. 1948ல், கடனாளி - கடன் கொடுத்தவர் (ஆக்கிரமிப்புக் காலம்) சட்டம். ஹாங்காங்கும் அதே வருஷம் அதே மாதிரி ஒண்ணு போட்டது. நான் சட்டம் படிச்சவன் இல்லை, கோட் எழுதுறவன். அதனாலோ என்னவோ எனக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அப்படியே இஃப், எல்ஸ் தான்.

போருக்கு முந்தின கடனை ஆக்கிரமிப்புக் காலத்தில் வாழைமர நோட்டா கட்டியிருந்தா, நோட்டில் என்ன எண் போட்டிருக்கோ அந்த அளவுக்குக் கடன் தீர்ந்தது. இது பொது விதி. ஆனா 1943 டிசம்பர் 31க்குப் பிறகு கட்டியிருந்து, கடன் 250 வெள்ளிக்கு மேல இருந்து, தவணை வராமலோ கொடுத்தவர் கேட்காமலோ தானா கொண்டுவந்து தள்ளியிருந்தா, இல்லை மிரட்டி வாங்க வெச்சிருந்தா, அப்ப நோட்டில் இருக்கற எண்ணைப் பார்க்காதே, அட்டவணையைப் பார். கொடுத்தவர் மனசார வாங்கியிருந்தாரா, அப்ப பேச்சே கிடையாது, தீர்ந்தது.

அந்த அட்டவணைதான் சட்டத்தோட உயிர். எந்தத் தேதியில் நூறு மலாயா வெள்ளிக்கு எத்தனை வாழைமர வெள்ளி சமம்னு காலவரிசையா ஒரு பட்டியல். ஆரம்பத்தில் நூறுக்கு நூறு. கடைசியில் ஆயிரக்கணக்கில். ஆக்கிரமிப்புக் காலத்திலேயே வாங்கி, போர் முடிஞ்சும் அடைக்காத கடனுக்கும் இதே அட்டவணைதான். 1945ல் வாழைமரமா ஆயிரம் வாங்கினவர் நிஜ வெள்ளியா ஆயிரம் கட்டத் தேவையில்லை. இந்த யோசனை ஒண்ணும் புதுசு இல்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தோத்த தென் மாநிலங்களோட நோட்டுக்கும் இதே கதைதான். அலபாமாவில் போர்க்காலத்தில் நடந்த ஒரு நில விற்பனை, தோரிங்டன் – ஸ்மித் வழக்கு, அதில் அமெரிக்க சுப்ரீம் கோர்ட் ஒப்பந்தம் செல்லும், ஆனா அந்த நோட்டோட அன்றைய நிஜ மதிப்புக்குத்தான் செல்லும்னு சொல்லியிருக்கு.

'கேட்காமலே கொண்டுவந்து தள்ளியிருந்தா'ங்கற அந்த வரியைக் கவனிச்சீங்களா? ஒரு சட்டம் இவ்வளவு குறிப்பா எழுதுதுன்னா, பணத்தோட கடன்காரர் துரத்தறதும் கொடுத்தவர் ஓடறதும் ஏதோ ரெண்டு பேருக்கு நடந்த கூத்து இல்லைன்னு அர்த்தம்.

அப்புறம் அந்த 250 வெள்ளி. 1930களின் கடைசியில் தோட்டத்தில் ஆண் கூலிக்கு நாள் சம்பளம் சுமார் 50 காசு. பெண்களுக்கு அதிலும் கம்மி. 250 வெள்ளின்னா 500 நாள் கூலி. அதுக்குக் கீழே உள்ள சின்னக் கடனை எந்தத் தேதியில் வாழைமரமா கட்டியிருந்தாலும் தீர்ந்தது தீர்ந்ததுதான், யாரும் தோண்ட முடியாது. தோட்டத்துக் கடையில் அரிசி, கருவாட்டுக்குப் பாக்கி வெச்சிருந்த கூலிக்காரருக்கு இது நிஜமான நிம்மதி. கொள்ளுத்தாத்தாவுக்கும் தோட்டத்துக் கடையில் பாக்கி இருந்ததுன்னும், ஜப்பான் காலத்திலேயே அதை அடைச்சிட்டார்னும் ஆயா சொல்வாங்க. அவர் இந்தச் சட்டம் வர்றதுக்கு முன்னாடியே ஊர் திரும்பிட்டார்ங்கறது வேற விஷயம்.

ஆனா பெட்டியில் இருக்கற 312 நோட்டு?

இங்கேதான் எனக்கு இந்தச் சட்டத்தோட சண்டை. யோசிச்சுப் பாருங்க. 1944ல் கையில் இருந்த வாழைமர நோட்டை எடுத்துப் போய்க் கடனை அடைச்சவருக்கு, அந்த நோட்டு பணம்னு 1948ல் சட்டம் ஒத்துக்குது. குறைஞ்ச மதிப்புக்காவது ஒத்துக்குது. அதே நோட்டைக் கூலியா வாங்கி, கடன் இல்லாததால் மடிச்சு வெச்சவருக்கு அது வெறும் காகிதம். அட்டவணை கையில் இருக்கு, எந்த மாசம் எவ்வளவு மதிப்புன்னு அரசாங்கமே அச்சடிச்சு வெச்சிருக்கு. அந்தப் பட்டியல் கடன் பத்திரத்துக்கு மட்டும் பொருந்தும், கூலிக்காரர் மடியில் இருக்கற நோட்டுக்குப் பொருந்தாது. கடன் வாங்கவாவது வசதி இருந்தவங்களுக்குச் சட்டம் கதவைத் திறந்து வெச்சது. ஈடு வைக்க ஒண்ணும் இல்லாததால் கடனே வாங்க முடியாதவருக்கு அந்தக் கதவு எதுக்கு?

பிரிட்டிஷ் தரப்புக்கும் ஒரு நியாயம் உண்டு. எதிரி அடிச்ச நோட்டுக்கு நான் ஏன் நிஜப் பணம் தரணும்? தந்தால் ஜப்பான் வாரிக்கிட்டுப் போன அரிசிக்கும் ரப்பருக்கும் நான் பில் கட்டின மாதிரி. எண்ணில்லாத நோட்டு எவ்வளவு அடிச்சாங்கன்னு யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் ஒத்துக்கறேன். இன்னொண்ணும் சொல்லணும். 3,120 வெள்ளின்னு கேட்க 17 வருஷக் கூலி. (6,240 நாள், ஞாயிற்றுக்கிழமைகூட லீவு விடாம.) எங்க வீட்டில் அப்படித்தான் சொல்லி வளர்த்தாங்க, "தாத்தா லட்சாதிபதியா வந்தாரு, வெள்ளைக்காரன் செல்லாதுன்னு சொல்லிக் கெடுத்துட்டான்"னு. அட்டவணை வழியில் பார்த்தா 1945 ஆகஸ்டில் அது சில பத்து வெள்ளிதான். ரெண்டு மாசக் கூலி இருந்தா அதிகம். மீதியை வெள்ளைக்காரன் வர்றதுக்கு முன்னாடியே அச்சு யந்திரம் தின்னுடுச்சு. ஆனா அந்த ரெண்டு மாசக் கூலியாவது அவரோடதுதானே? பெரிய கணக்குக்கெல்லாம் பின்னம் வரைக்கும் பார்த்தவங்க இதைப் பார்க்கலை.

அப்ப நோட்டை அடிச்சவன் தரணும் இல்லையா? மேலே மனசில் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த வாக்குறுதி. கேட்டவங்க இருக்காங்க. ஹாங்காங்கில் ஜப்பான் ராணுவ யென் நோட்டு வெச்சிருந்தவங்க 1993ல் டோக்கியோ கோர்ட்டிலேயே வழக்குப் போட்டாங்க. 1999ல் தள்ளுபடி. சிங்கப்பூர் 1966ல் ஜப்பானோட பேசி 5 கோடி வெள்ளி வாங்கிச்சு, பாதி மானியம், பாதி கடன். அது போரில் செத்த மக்களுக்கான 'ரத்தக் கடன்' என்று கேட்டது, நோட்டுக்கு இல்லை. அதுவும் அரசாங்கத்துக்கு அரசாங்கம்.

எங்க ஆள் இந்தியாவுக்குத் திரும்பியவர். அவருக்காகக் கேட்க வேண்டியது இந்திய அரசு. 1951 சான்ஃப்ரான்சிஸ்கோ மாநாட்டுக்கு நேரு போகலை, அந்த ஒப்பந்தத்தில் இந்தியா கையெழுத்துப் போடலை. அதுக்குப் பதிலா 1952 ஜூன் 9ல் டோக்கியோவில் தனியா ஒரு சமாதான ஒப்பந்தம். அதில் போர் நஷ்டஈடு வேண்டாம்னு இந்தியா விட்டுக் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் இதைப் பெருந்தன்மைன்னு சொல்லித் தருவாங்க. சரிதான், ஜப்பானும் அதை இன்னிக்கு வரை மறக்கலை. ஆனா ஒப்பந்தத்தில் இன்னொரு பிரிவும் இருக்கு. போர் நடத்தினதில் ஜப்பானும் அதோட ஆட்களும் செஞ்சதுக்காக இந்தியாவுக்கு மட்டும் இல்லை, இந்தியக் குடிமக்களுக்கு இருக்கற கோரிக்கைகளையும் சேர்த்தே விட்டுக் கொடுத்தாச்சு. சயாம் ரயில் பாதையில் மகனைப் பறிகொடுத்தவர், கூலி வராம திரும்பினவர், தகரப் பெட்டிக்காரர், எல்லாரோடதும் அந்த ஒரு பிரிவில் அடக்கம். யாரையாவது கேட்டாங்களா? நைனார்பாளையத்துக்கு யாரும் வரலை.

ஆயாகிட்ட இதைச் சொன்னப்ப, "அவங்க பணத்த அவங்க விட்டுக் குடுத்தா பெருந்தன்ம. எங்க மாமா பணத்த எப்படி விட்டுக் குடுப்பாங்க?"ன்னாங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

இதில் ரொம்பக் கொடுமை எதுன்னா, கொள்ளுத்தாத்தா மலாயாவுக்குப் போனதே ஊர்க் கடனை அடைக்கத்தான். ஒண்ணரை ஏக்கர் மானாவாரி நிலத்து மேல பிராமிசரி நோட்டு. 1941 வரைக்கும் மணியார்டர் வந்தது. ஜப்பான் வந்ததும் நின்னுபோச்சு. நாலு வருஷம் ஒரு கடிதம்கூடக் கிடையாது, ஆள் உயிரோட இருக்காரான்னே தெரியாது. அங்கே கடன் வழக்கையெல்லாம் நிறுத்தி வெச்சு, கமிட்டி கூட்டி, அட்டவணை போட்டாங்க. இங்கே வட்டி ஒரு நாள்கூட நிக்கலை. இங்கேயும் சட்டம் இல்லாம இல்லை. ராஜாஜி அரசாங்கம் 1938ல் கொண்டு வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் இருந்தது. பழைய வட்டியைத் தள்ளிட்டு, அசலுக்கு ரெண்டு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தா கடனே தீர்ந்ததுன்னு சொன்ன சட்டம். புதுக் கடனுக்கு வருஷத்துக்கு நூத்துக்கு ஆறேகாலுக்கு மேல வட்டி கேட்க முடியாதுன்னும் அதில் இருந்தது. எங்க வீட்டில் அப்ப இருந்தது ஒரு கைக்குழந்தையும் எழுதப் படிக்கத் தெரியாத கொள்ளுப்பாட்டியும். கடன் கொடுத்தவர் 1943லேயே வட்டியையும் அசலாச் சேர்த்துப் புதுசா நோட்டு எழுதி ரேகை வாங்கிட்டார்னு வீட்டில் பேச்சு. அந்த நோட்டில் வாழைமரம் எல்லாம் கிடையாது, அசல் பிரிட்டிஷ் இந்திய ரூபாய், எல்லாக் கோர்ட்டிலும் செல்லும்.

கொள்ளுத்தாத்தா 1947ல் பெட்டியோட வந்து இறங்கினப்ப நிலம் கைமாறியிருந்தது. நோட்டெல்லாம் செல்லாதுன்னு தெரிஞ்சும் ஏன் சுமந்துக்கிட்டு வந்தார்னு ஆயாகிட்ட கேட்டேன். தூக்கிப் போட மனசு வரலையாம், என்னிக்காவது மாத்திக் குடுப்பாங்கன்னு 1970கள் வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாராம். சேலத்தில் பழைய நாணயம் விக்கற ஒருத்தர்கிட்ட ஒரு நோட்டைக் காட்டினேன். "இது நிறைய வருது தம்பி, நல்ல கண்டிஷன்ல இருந்தா நூறு ரூபா தரலாம்"னார். கொடுக்கலை.

அந்த ஒண்ணரை ஏக்கரில் இப்ப மரவள்ளி போட்டிருக்காங்க. சின்னசேலம் போற ரோட்டில் பஸ்ஸில் இருந்தே பார்க்கலாம்.